எழுத்து தானாக வராது

மூன்று வயதுக் குழந்தை "நான் வரமாட்டேன், நீ மட்டும் போ" என்கிறது. அந்தச் சின்ன வாக்கியத்தில் எதிர்மறை இருக்கிறது, எதிர்காலம் இருக்கிறது, தன்மையும் முன்னிலையும் தத்தம் வினையோடு பிசகாமல் பொருந்தியிருக்கின்றன. யாரும் அதற்கு இலக்கணம் சொல்லித்தரவில்லை. அதே வாக்கியத்தைத் தாளில் பார்த்து அது தடுமாறாமல் படிப்பதற்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இடையில் ஆசிரியர் வேண்டும், பாடநூல் வேண்டும், திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும். பல குழந்தைகளுக்கு அழுகையும் சேர்ந்துகொள்கிறது. மொழி ஒன்றுதான், மூளையும் ஒன்றுதான். பேச்சுக்குத் தேவைப்படாத பாடுகள் எழுத்துக்கு மட்டும் ஏன்?

பரிணாம உளவியல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது ஏறக்குறைய இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கியரி 1995இல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை இதன் தொடக்கப் புள்ளி. குழந்தைகளின் திறன்களை அவர் இரண்டாகப் பிரித்தார். பேசுதல், முகங்களை அடையாளம் காணுதல், அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகித்தல், வந்த வழியை நினைவில் வைத்துத் திரும்புதல், இரண்டு மூன்று பொருள்களை எண்ணாமலே அறிதல் போன்றவை மனித இனம் உருவான காலத்திலேயே மூளையில் இடம்பிடித்துவிட்டவை. இவற்றை அவர் முதல்நிலைத் திறன்கள் என்றார். உலகின் எந்த மூலையில் பிறந்த குழந்தையும் விளையாட்டு, வேடிக்கை, பெரியவர்களின் நடமாட்டம் ஆகியவற்றுக்கு நடுவே இவற்றைத் தானாகப் பெற்றுவிடுகிறது. படித்தல், எழுதுதல், இடமதிப்பு, பின்னம், இயற்கணிதம் ஆகியவை இரண்டாம்நிலைத் திறன்கள். எழுத்துக்கு வயது சுமார் ஐயாயிரம் ஆண்டுகள். எல்லாக் குழந்தைகளும் அதைக் கற்றாக வேண்டும் என்று உலகின் பெரும்பகுதி நினைக்கத் தொடங்கியது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்தான். பரிணாமத்தின் கணக்கில் இது கண்சிமிட்டும் நேரம். இயற்கைத் தேர்வுக்குப் படிப்பதற்கென்று ஒரு தனி உறுப்பை மூளையில் உருவாக்கித்தர அவகாசமே இருந்ததில்லை.

கியரியின் வாதத்தில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஆர்வத்தைப் பற்றியது. முதல்நிலைத் திறன்களோடு அவற்றைப் பழகிப் பார்க்கும் ஆசையும் கூடவே பிறக்கிறது. குழந்தை ஓடுவதும் பேசுவதும் கூட்டாளியோடு சண்டை போட்டுச் சேர்வதும் அந்த ஆசையால்தான். பின்னக் கணக்கைப் பழகும் ஆசை அப்படிப் பிறப்பதில்லை. ஆகவே வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனிடம் குறை ஏதும் இல்லை. அவன் மனம் எதற்காக உருவானதோ அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

கோட்பாடு அழகாக இருக்கிறது. பரிணாம உளவியலில் அழகான கோட்பாடுகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அவற்றில் பாதி, நடந்ததைப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிய கதைகள். அதனால் சோதித்துப் பார்த்த இடங்களுக்குப் போவோம்.

மூளை சில வகைச் செய்திகளுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று 2012இல் வந்தது. கிளார்க் பாரெட், ஜேம்ஸ் புரோஷ் ஆகிய இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் குழந்தைகளுக்கும், ஈக்வடாரின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் ஷுவார் இனக் குழந்தைகளுக்கும் அவர்கள் அறியாத விலங்குகளின் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு விலங்கின் பெயர், அது எதைத் தின்னும், ஆபத்தானதா இல்லையா என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பெயரும் உணவும் பெரும்பாலும் நழுவிப் போயிருந்தன. ஆபத்து பற்றிய செய்தி மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. புலியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கும் நகரத்துப் பிள்ளையிடமும் இதே முடிவுதான். ஒரே முறை சொல்லி, மனப்பாடம் செய்யச் சொல்லாமல், பரீட்சை வைக்காமல் பதிந்த அறிவு அது.

இனி எழுத்துக்கு வருவோம். படிப்பதற்கென்று மூளையில் இடம் இல்லை என்றால் படிக்கத் தெரிந்தவர்கள் எதைக் கொண்டு படிக்கிறார்கள்? பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தானிஸ்லாஸ் துஹேன் சொல்லும் பதில் மறுபயன்பாடு. முகம், பொருள், உருவ விளிம்பு ஆகியவற்றை அடையாளம் காணும் பழைய காட்சிப் பகுதியின் ஒரு துண்டை எழுத்து தன் வேலைக்கு வளைத்துக்கொள்கிறது. 2010இல் அவருடைய குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களின் மூளையைப் படம்பிடித்தது. அவர்களில் 10 பேர் எழுத்தறியாதவர்கள், 22 பேர் வயதுவந்தபின் படிக்கக் கற்றவர்கள், மற்றவர்கள் சிறுவயதில் பள்ளிக்குப் போனவர்கள். படிக்கும் திறன் கூடக் கூட இடது மூளையின் பின்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடம் எழுத்துக்கு வலுவாக வினைபுரிந்தது. அதே இடத்தில் முகங்களுக்கான வினை சற்றுக் குறைந்தது. வயதுவந்து படித்தவர்களிடமும் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி தெரிந்தது.

பழைய பகுதியை வளைத்துக்கொள்ளும்போது அதன் பழைய வழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றில் முக்கியமானது கண்ணாடி பிம்பத்தை ஒன்றாகவே பார்ப்பது. இடப்பக்கம் பார்க்கும் மானும் வலப்பக்கம் பார்க்கும் மானும் ஒரே மான்தான் என்று கொள்ளாத விலங்கு காட்டில் பிழைத்திருக்காது. எனவே நம் காட்சி அமைப்பு இரண்டையும் ஒன்றாகவே பதிவுசெய்கிறது. ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் பி (b), டி (d) இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். ஆயத்த வகுப்புப் பிள்ளைகள் அவற்றை மாற்றி எழுதுவது ஏறக்குறைய உலகம் முழுக்க நடக்கிறது. காட்டில் காப்பாற்றிய பழக்கம் நோட்டுப் புத்தகத்தில் பிழையாகிறது.

தமிழ் எழுத்து இந்த ஆராய்ச்சியில் ஒரு சிறப்பிடம் பெற்றிருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழில் ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் இன்னொன்றாகத் தெரியும் எழுத்து இணை கிடையாது. ஆகவே தமிழ் மட்டும் படித்தவருக்குக் கண்ணாடி பிம்பங்களைப் பிரித்தறியும் கட்டாயம் எழுத்தால் ஏற்படுவதில்லை. மொழியியலாளர் எரிக் பெடர்சன் 2003இல் வெளியிட்ட ஆய்வில் எழுத்தறியாத தமிழர், தமிழ் மட்டும் படித்தவர், தமிழோடு ரோமன் எழுத்தும் படித்தவர் ஆகிய மூன்று பிரிவினரை ஒப்பிட்டார். முதல் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, மூன்றாம் பிரிவினர் தனியே நின்றனர். 2021இல் தானியா ஃபெர்னாண்டஸ், மிருதுளா அருண்குமார், ஃபால்க் ஹியூட்டிக் ஆகியோர் இதை மேலும் நுட்பமான சோதனைகளோடு திரும்பச் செய்தார்கள். இம்முறை தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தார்கள்; திசையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் நன்றாகவே சொன்னார்கள். ஆனால் திசையைப் பொருட்படுத்தாதீர்கள், உருவத்தை மட்டும் பாருங்கள் என்று கேட்டபோது விடை வேறு விதமாக இருந்தது. இரண்டு எழுத்துமுறையும் அறிந்தவர்கள் மட்டுமே கண்ணாடி இணைகளைக் கண்டு தயங்கினார்கள். அவர்களால் திசையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுப் பழக்கத்தை முழுதாக உடைத்தது கல்வி என்ற பொதுப்பொருள் மட்டுமல்ல, கண்ணாடி இணைகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட எழுத்துமுறையைக் கற்றதும்தான்.

என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சுத்தமான ஆய்வுகளில் இது ஒன்று. பழைய இயல்பு என்ன, புதிய பண்பாட்டுப் பொருள் என்ன, ஒன்று மற்றொன்றோடு எங்கே மோதுகிறது என்று மூன்றையும் தனித்தனியே காட்டுகிறது. பரிணாமத்தைப் பற்றிய பொத்தாம்பொதுவான பேச்சு எதுவும் தேவைப்படவில்லை.

கணக்கில் நிலைமை இன்னும் சிக்கல். ஐந்து மாதக் குழந்தைக்குக்கூட ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற எதிர்பார்ப்பு உண்டு என்று கரென் வின் 1992இல் காட்டினார். திரைக்குப் பின்னால் ஒரு பொம்மையோடு இன்னொன்றை வைத்துவிட்டுத் திரையை நீக்கும்போது ஒரே பொம்மை இருந்தால் குழந்தை நீண்ட நேரம் வெறித்துப் பார்க்கிறது. ஆறு மாதத்தில் எட்டுப் புள்ளிகளையும் பதினாறு புள்ளிகளையும் வேறுபடுத்துகிறது. எட்டையும் பன்னிரண்டையும் வேறுபடுத்த முடிவதில்லை. துல்லியம் இல்லாத, ஆனால் பிறவியிலேயே வந்த எண்ணுணர்வு இது. இயல்பாகவே அடுத்த யோசனை பிறந்தது: இந்த எண்ணுணர்வை விளையாட்டால் கூர்தீட்டினால் பள்ளிக்கணக்கு எளிதாகுமா?

எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் குழு இதை டெல்லியில் சோதித்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 214 முன்பருவ மையங்கள், 1,540 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு எண்ணிக்கையும் வடிவமும் சார்ந்த விளையாட்டுகள், இன்னொரு பிரிவுக்கு முகபாவம், பார்வையின் திசை போன்ற சமூக விளையாட்டுகள், மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான வகுப்பு. 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான முடிவு துறைக்கே ஒரு குட்டு. கணக்கு விளையாட்டு ஆடிய குழந்தைகளின் எண்ணுணர்வும் வடிவ உணர்வும் உண்மையிலேயே வளர்ந்தன, ஓராண்டுக்கு மேலும் நிலைத்தன. ஆனால் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து குறியீடுகளோடு கணக்குப் படித்தபோது அவர்களுக்கு எந்த முன்னிலையும் கிடைக்கவில்லை. முதல்நிலைக்கும் இரண்டாம்நிலைக்கும் இடையே நாம் எதிர்பார்த்த பாலம் அங்கே இல்லை.

இந்தத் தோல்வியைக் கியரியின் ஆதரவாளர்கள் தங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ள முடியும். இரண்டாம்நிலை அறிவை நேரடியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவந்தது இதைத்தானே? ஆனால் அடுத்த ஆய்வு அவர்களையும் சும்மா விடவில்லை. அபிஜித் பானர்ஜி, டுஃப்லோ, ஸ்பெல்கி உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் காய்கறியும் சில்லறைச் சாமானும் விற்கும் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2025இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வழக்கத்துக்கு மாறான அளவுகளில் பொருள் வாங்கினாலும் இந்தப் பிள்ளைகள் மனக்கணக்காகவே விலையும் மீதிச் சில்லறையும் சொன்னார்கள். அதே அளவு கடினமான, சில சமயம் அதைவிட எளிதான கணக்கைப் பள்ளிப் பாணியில் கொடுத்தால் திணறினார்கள். அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் நேர்மாறு. எளிய ஏட்டுக் கணக்குகளை அவர்கள் சரியாகச் செய்தார்கள். சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் விடை சொன்ன ஒரு வியாபாரக் கணக்கில் பள்ளிப் பிள்ளைகளில் தேறியது நூற்றுக்கு ஒருவர். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெரு வியாபாரச் சிறுவர் ஐந்து பேரை வைத்து 1985இல் தெரெசின்யா நூனெஸ் குழுவினர் கண்டதும் இதையே: தெருவில் 98 சதவீதம் சரி, அதே கணக்கு தாளில் வெறும் எண்களாக வந்தபோது 37 சதவீதம். நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு கண்டங்களில் ஒரே காட்சி.

இப்போது கேள்வி: சந்தைப் பிள்ளையின் கணக்கு முதல்நிலையா, இரண்டாம்நிலையா? ரூபாயும் கிலோவும் பரிணாமத்தில் வந்தவை அல்ல. அந்தக் கணக்கைப் பிறவிக் கொடை என்று சொல்ல முடியாது. வகுப்பறையில் யாரும் கற்றுத்தந்ததும் இல்லை. பிறரைப் பார்த்து, ஏமாந்து, நட்டப்பட்டுத் தேறியது. தானாக வருவது என்றும் கற்பித்தால் மட்டும் வருவது என்றும் உலகை இரண்டு பெட்டிகளில் அடைக்கும் ஏற்பாடு இந்த இடத்தில் உடைகிறது. நடுவே ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. புதிய பண்பாட்டு அறிவாக இருந்தாலும் பழைய முறையில், அதாவது கூட இருந்து வேலை செய்து, அதைக் கற்றுவிட முடிகிறது. அப்படிக் கற்றது வேறொரு வடிவத்துக்குத் தாவ மறுக்கிறது என்பது அதன் விலை. பள்ளியில் கற்றதும் தாவ மறுக்கிறதே என்பதை நம் கல்வித் துறையினர் ஒருமுறை நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.

ஒரே கோட்பாட்டிலிருந்து நேரெதிரான இரண்டு சிந்தனைப் பள்ளிகள் கிளைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் அறிதல் சுமைக் கோட்பாட்டை உருவாக்கியவர். புதிய செய்திகளைத் தாங்கும் செயல்நினைவு மிகச் சிறியது, ஒரே நேரத்தில் நான்கைந்து கூறுகளுக்கு மேல் தாங்காது என்பது அவருடைய அடிப்படை. கியரியைப் படித்தபின், அந்தக் குறுக்கம் இரண்டாம்நிலை அறிவுக்குத்தான் பொருந்தும் என்று அவர் தன் கோட்பாட்டைத் திருத்திக்கொண்டார். குழந்தை தாய்மொழியைக் கண்டுபிடித்துக் கற்பதைப் பார்த்துவிட்டு இயற்கணிதத்தையும் கண்டுபிடிக்க விடுவது வீண் என்பது அவர் முடிவு. தீர்த்துக்காட்டிய கணக்குகளை முதலில் படிக்கக் கொடுங்கள் என்கிறார். அமெரிக்காவில் கென்னத் குட்மனும் ஃபிராங்க் ஸ்மித்தும் படிப்பது பேசுவதைப் போலவே இயல்பானது என்று சொல்லிக் கிளப்பிய முழுமொழி இயக்கத்துக்கும் இது மறுப்பாக அமைந்தது. 2000இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பிப்பதே நல்ல பலன் தருகிறது என்று அறிக்கை தந்தது.

பாஸ்டன் கல்லூரியின் பீட்டர் கிரே அதே பரிணாமத்தைக் காட்டி எதிர்த்திசையில் போகிறார். வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்த சமூகங்களில் குழந்தைகள் பல வயதினரோடு கலந்து நாள் முழுக்க விளையாடியே எல்லாவற்றையும் கற்றார்கள், ஆர்வமும் விளையாட்டும்தான் இயற்கை தந்த கல்விக் கருவிகள் என்பது அவர் வாதம். அவர் சுட்டும் எடுத்துக்காட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1968இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளி. அங்கே கட்டாயப் பாடம் இல்லை, பரீட்சை இல்லை. விதிகளைக் குழந்தைகளும் பெரியவர்களும் சமமாக வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அங்கிருந்து வெளியேறியவர்கள் வாழ்க்கையில் நன்றாகவே இருக்கிறார்கள் என்று கிரேயும் டேவிட் சானஃபும் 1986இல் எழுதினார்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் அத்தகைய பள்ளியைத் தேடிப் பிடித்துக் கட்டணம் கட்டிச் சேர்க்கும் பெற்றோரின் வீட்டில் புத்தகமும் பேச்சும் நிறைந்திருக்கும். எழுத்தறியாத வீட்டிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவிக்கு அந்த முறை என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. வேட்டைச் சமூகங்களைப் பற்றிய அவருடைய சித்திரமும் சற்று இனிப்பு கூடியது. மானுடவியலாளர் ஷீனா லூ-லெவி 2017இல் சகாக்களோடு தொகுத்த மதிப்பாய்வு, விளையாட்டும் வேலையில் பங்கேற்பும் முதன்மை என்பதை ஏற்றுக்கொள்கிறது. வளரிளம் பருவத்தில் கடினமான திறன்களைப் பெரியவர்கள் வேண்டுமென்றே கற்பிப்பதையும் அது பதிவுசெய்கிறது.

கற்பிக்கப்படுவதற்கும் குழந்தை மனம் ஆயத்தமாகத்தான் பிறக்கிறது. விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005இல் ஒரு பெட்டியைத் திறக்கும் முறையைத் தேவையற்ற சில செய்கைகளோடு சேர்த்துக் காட்டினார்கள். பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரியும்படி இருந்தபோது சிம்பன்சிகள் வீண் செய்கைகளை விட்டுவிட்டு உணவை எடுத்தன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் வீண் என்று கண்ணால் தெரிந்தும் எல்லாவற்றையும் அப்படியே செய்தார்கள். இதற்கு இன்னொரு முகம் உண்டு. எலிசபெத் போனவிட்ஸ் குழுவினர் 2011இல் பல வேலைகள் செய்யும் ஒரு பொம்மையின் ஒரே ஒரு வேலையை மட்டும் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் மற்றவற்றைத் தேடிப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் சொல்லாத எதுவும் அதில் இருக்காது என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்! நேரடிப் போதனையின் ஆற்றலும் ஆபத்தும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஸ்வெல்லர், கிரே இருவருமே இதில் பாதியை மட்டும் பார்க்கிறார்கள்.

அறிவியல் பாடத்துக்கு ஒரு செய்தி மட்டும். ஆண்ட்ரூ ஷ்டுல்மனும் ஜோஷுவா வால்கார்சலும் 2012இல் கல்லூரி மாணவர்களிடம் இருநூறு கூற்றுகளைச் சரியா தவறா என்று கேட்டார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைப் போன்ற, உள்ளுணர்வுக்கு எதிரான உண்மைகளுக்கு அவர்கள் விடை சொல்லக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். படித்த அறிவு பழைய உள்ளுணர்வை அழிப்பதில்லை, அமுக்கி வைக்கிறது. ஒருமுறை நடத்தியாயிற்று, புரிந்துவிட்டது என்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்கு நகர்வதில் உள்ள சிக்கல் இங்கேதான்.

பரிணாமக் கருத்துகளால் ஒரு பள்ளியையே வடிவமைத்த முயற்சியும் உண்டு. உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சன் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் 2010இல் ரீஜென்ட்ஸ் அகாடமி என்ற திட்டத்தைத் தொடங்கினார். முந்தைய ஆண்டில் மூன்று அல்லது மேற்பட்ட பாடங்களில் தோற்றவர்களே அதன் மாணவர்கள். தகுதியுள்ளோரிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு பிரிவினர் சேர்க்கப்பட்டார்கள், இன்னொரு பிரிவினர் வழக்கமான பள்ளியில் தொடர்ந்தார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் பொதுவளங்களைக் காக்கும் கிராமக் குழுக்களிடம் கண்ட நெறிகளை, அதாவது கூட்டாக முடிவெடுத்தல், தவறுக்குப் படிப்படியான தண்டனை, சண்டையை உடனுக்குடன் தீர்த்தல் ஆகியவற்றை, வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டு முடிவில் அந்த மாணவர்கள் ஒப்பீட்டுப் பிரிவை விஞ்சினார்கள். மாநிலத் தேர்வில் நகரத்தின் சராசரி மாணவருக்கு இணையாகவும் நின்றார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் சிறிய வகுப்பு, தேர்ந்த ஆசிரியர்கள், அன்பான சூழல் எல்லாம் சேர்ந்த ஒரு பொட்டலத்தில் பரிணாமக் கோட்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பரிணாமம் என்ற சொல்லையே கேள்விப்படாத நல்ல தலைமையாசிரியர் ஒருவரும் ஏறக்குறைய இதையே செய்திருப்பார்.

ஆகவே என் தீர்ப்பு இது. குழந்தை எந்த இடத்தில் இடறும், ஏன் இடறும் என்று சொல்வதில் இந்தத் துறை வலுவானது. அங்கே என்ன செய்வது என்று சொல்வதில் அது பலவீனமானது. அந்த விடையை டெல்லியில் நடந்ததைப் போன்ற சோதனைகள்தான் தர முடியும், அவையும் பெரும்பாலும் நாம் விரும்பாத விடையையே தருகின்றன. 'இதுதான் குழந்தையின் இயல்புக்கு ஏற்ற முறை' என்ற விளம்பரத்தோடு ஒரு பாடத்திட்டமோ பள்ளியோ வரும்போது, எந்தப் பாடத்துக்கு, எந்தக் குழந்தைகளிடம், எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

நம்மிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலேயே குழந்தைகள் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒருசேரக் கற்கிறார்கள். ஒன்றில் கண்ணாடி இணைகள் இல்லை, மற்றொன்றில் இருக்கின்றன. 2021 ஆய்வில் பங்கேற்றவர்கள் வளர்ந்தவர்கள். அதே சோதனைகளை ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள நம் குழந்தைகளிடம் ஆண்டுதோறும் செய்து பார்த்தால், எந்த எழுத்தை எப்போது தொடங்குவது, திருப்பி எழுதும் குழந்தையை எந்த வயதுவரை கவலையின்றி விடலாம் என்பவற்றுக்கு நம் மண்ணிலிருந்தே விடை கிடைக்கும். இதற்குப் பெரும் செலவு ஆகாது. நம் பல்கலைக்கழக உளவியல் துறைகளும் கல்வியியல் கல்லூரிகளும் இதை எடுத்துச் செய்ய வேண்டும்.